இயற்கைக் குடும்பத் திட்டம்: கப்பலிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வரும் கணவரும் காப்பர்-டி கேள்வியும்

முத்துநகர்_மேரி | ஞாயிறு, இரவு 10.12

அனைவருக்கும் வணக்கம். நேரில் யாரிடமும் கேட்க முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதல் குழந்தைக்கு ஏழு மாதம். சிசேரியன். அடுத்தது இரண்டு வருடம் கழித்துத்தான் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பிரசவம் ஆன மறுநாளே காப்பர்-டி வைத்துவிடலாமா என்று வார்டில் கேட்டார்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நழுவிவிட்டேன். கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் உண்மை. கணவர் சரக்குக் கப்பலில் இருக்கிறார். ஆறு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அடுத்த மாதக் கடைசியில் வருகிறார்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். திருமணத் தயாரிப்பு வகுப்பில், கருத்தரிக்கும் நாட்களைக் கண்டறிந்து அந்த நாட்களில் விலகியிருக்கும் இயற்கை முறை பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார்கள். கடைசி வரிசையில் மாப்பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது நினைவிருக்கிறது. சிவப்பு, பச்சை, வெள்ளை என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். அது எங்கே போயிற்றோ.

மாமியார் மூன்றாவது பிள்ளை பிறந்ததும் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டவர். அதிகாலைப் பூசையைத் தவறவிடாதவரும் அவர்தான். "ஊரே செய்துகொண்டது, எந்தச் சாமியார் கேட்டார்?" என்கிறார். அவர் செய்தது பாவமா? நான் காப்பர்-டி வைத்தால் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கலாமா? இல்லை, இந்த இயற்கை முறை என் நிலைமைக்கு ஒத்துவருமா? மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை. குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கூழும் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆலயமணி | ஞாயிறு, இரவு 11.05

சகோதரி, இருபது வருடமாக மறைக்கல்வி எடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடவுள் கொடுப்பதையெல்லாம் பெற்றுக்கொண்டே இரு என்று திருஅவை சொல்வதில்லை. பலர் அப்படி நினைத்துக்கொண்டு திட்டுகிறார்கள். 1951 அக்டோபரில் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தகுந்த காரணம் இருந்தால் கருத்தரிக்காத நாட்களை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். உடல்நலம், குடும்ப வருமானம் எல்லாம் அந்தக் காரணங்களில் அடங்கும். 1968 ஜூலை 25 அன்று ஆறாம் பவுல் கையெழுத்திட்ட 'ஹுமானே வித்தே' சுற்றுமடல் இதைத்தான் 'பொறுப்புள்ள பெற்றோர்நிலை' என்ற பெயரில் விரித்துச் சொன்னது. சிசேரியன் காயம் ஆறவில்லை என்பதைவிடத் தகுந்த காரணம் என்ன வேண்டும்?

தடை எதற்கு என்றால், இணையும் செயலையே கருத்தரிக்க முடியாதபடி ஆக்குவதற்கு. மாத்திரை, ஆணுறை, ஆபரேஷன் எல்லாம் அதில் வரும். காப்பர்-டியில் கூடுதல் சிக்கல் உண்டு. அது பெரும்பாலும் விந்தணுவைச் செயலிழக்கச் செய்துதான் வேலை செய்கிறது என்றாலும், உருவாகிவிட்ட கரு கருப்பையில் பதிவதையும் தடுக்கக்கூடும் என்ற அச்சம் இருக்கிறது.

பருவம் பார்த்து வயலைத் தரிசாக விடுவது வேறு. விதைத்த கையோடு உப்பைக் கொட்டுவது வேறு. நான் வகுப்பில் இப்படித்தான் சொல்வேன்.

உங்கள் மாமியார் விஷயத்தை அவரும் அவருடைய பாவசங்கீர்த்தனமும் பார்த்துக்கொள்ளட்டும். மனம் வருந்தி அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு. கட்டியதை மறுபடி அறுவை செய்து அவிழ்த்துவிட்டு வா என்று யாரும் கேட்பதில்லை.

ஐயப்படும்_தோமா | திங்கள், காலை 6.48

ஆலயமணி ஐயாவின் வயல் உவமை அழகாக இருக்கிறது. ஆனால் விவசாயிக்கு இரண்டு இடத்திலும் நோக்கம் ஒன்றுதானே? இந்த வருடம் விளைச்சல் வேண்டாம். அட்டையில் புள்ளி வைத்து நாள் தப்பிப்பவரும் மாத்திரை விழுங்குபவரும் ஒரே முடிவோடுதான் படுக்கைக்குப் போகிறார்கள். தெர்மோமீட்டர் வைத்தால் இயற்கை, ரப்பர் என்றால் பாவம் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1968 மடல் வானத்திலிருந்து விழவில்லை. 1963-இல் அப்போதைய திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார். ஆறாம் பவுல் அதை விரிவாக்கினார். இறையியலாளர்கள், மருத்துவர்கள், பிறகு திருமணமானவர்களும் அதில் சேர்ந்தார்கள். சிகாகோவிலிருந்து போன கிரவுலி தம்பதியர், நாள் கணக்கு பார்த்து வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் எழுதிய கடிதங்களைக் கட்டுக்கட்டாக எடுத்துச் சென்றார்கள். தவிப்பும் சண்டையும் நிறைந்த கடிதங்கள். 1966-இல் குழுவின் பெரும்பான்மை, போதனையை மாற்றலாம் என்றே அறிக்கை கொடுத்தது. 1967-இல் அது பத்திரிகைகளில் கசிந்தது. திருத்தந்தை சிறுபான்மையின் பக்கம் நின்றார். அது அவருடைய அதிகாரம், மறுக்கவில்லை. ஆனால் "கேள்விக்கே இடமில்லை" என்று வகுப்பில் சொல்லாதீர்கள். அந்தக் கேள்வியை ரோமாபுரியே மூன்று வருடம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடைக்கலராஜ்_55 | திங்கள், காலை 7.20

இவ்வளவு பேச்சு எதற்கு? இரண்டாவது பிறந்ததும் ஆபரேஷன் செய்துகொண்டு நிம்மதியாக இரு அம்மா. எங்கள் வீட்டில் நான்கு மருமகள்களும் அப்படித்தான்.

ஐயப்படும்_தோமா | திங்கள், காலை 7.31

நான்கு மருமகள்களும் செய்துகொண்டார்கள், சரி. நான்கு மகன்களில் எத்தனை பேர் செய்துகொண்டார்கள் ஐயா?

பணி_ஓய்வு_செவிலி | திங்கள், பிற்பகல் 2.15

மகளே, முப்பத்தொரு வருடம் பிரசவ வார்டில் நின்றவள் நான். இயற்கை முறைகளில் ஒன்றான பில்லிங்ஸ் முறையைப் பத்து வருடம் கற்பித்தேன். உன் மூன்றாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாவ புண்ணியக் கணக்கு என் பாடம் இல்லை.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் கழற்றிவிடு. "பால் கொடுக்கிறேன், தலைக்குக் குளிக்கவில்லை, அதனால் தரிக்காது" என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு மூன்று நிபந்தனை உண்டு. குழந்தை ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடிக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பாதுகாப்பு. உனக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது, கூழும் கொடுக்கிறாய். இரண்டு நிபந்தனை ஏற்கெனவே போய்விட்டன. பிரசவத்துக்குப் பிறகு பலருக்குக் கருமுட்டைதான் முதலில் வரும், மாதவிடாய் அதற்குப் பின்னால் வரும். ஒருமுறைகூட மாதவிடாய் பார்க்காமலே அடுத்ததைச் சுமந்துகொண்டு வந்த பெண்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

நாள் எண்ணுவதையும் மறந்துவிடு. எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை விலகியிரு என்று சொல்லும் முறை, சுற்று 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருகிற பெண்ணுக்கு. உனக்குச் சுற்றே தொடங்கவில்லை, எதிலிருந்து எண்ணுவாய்? காலையில் வெப்பம் பார்ப்பதும் இப்போது கஷ்டம். கருமுட்டை வெளிவந்த பின் உடல் சூடு சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் ஏறும். அந்தச் சிறு மாற்றம் தெரிய வேண்டுமென்றால் விழிப்பதற்கு முன் சில மணி நேரமாவது சேர்ந்தாற்போல் உறங்கியிருக்க வேண்டும். ஏழு மாதக் குழந்தை உன்னை உறங்க விடுகிறதா?

மிஞ்சுவது கருப்பை வாயிலிருந்து வரும் திரவத்தைக் கவனிப்பது. நீ தொலைத்த அட்டை அதற்குத்தான். இரத்தப்போக்குக்குச் சிவப்பு, வறண்ட நாளுக்குப் பச்சை, ஈரம் தெரிந்தால் வெள்ளை. கருமுட்டை வரும் நாள் நெருங்கும்போது அந்த ஈரம் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாகும், நூலாக நீளும். வழுவழுப்பு கடைசியாகத் தெரிந்த நாள்தான் உச்ச நாள். அதன் பிறகு மூன்று நாள் விட்டு, நான்காம் நாளிலிருந்து பயமில்லை. உச்சத்துக்கு முந்திய வறண்ட நாட்களில் ஒன்று விட்டு ஒரு நாள், அதுவும் இரவில் மட்டும். ஏன் இத்தனை கெடுபிடி என்றால், முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஆனால் ஈரம் நல்லதாக இருந்தால் விந்தணு ஐந்து நாள் வரை காத்திருக்கும்.

பால் கொடுப்பவளுக்கு வாரக்கணக்கில் ஒரே மாதிரி வறட்சியோ ஒரே மாதிரி ஈரமோ இருக்கும். முதல் இரண்டு வாரம் சேராமல் இருந்து, தன் உடலின் அந்த வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற பெண்களுக்கு இந்த இரண்டு வாரம்தான் பெரும்பாடு. உனக்கோ கணவர் கடலில் இருக்கிறார். இன்று இரவே எழுத ஆரம்பி. அவர் வரும்போது உன் கையில் ஒரு மாதக் குறிப்பு இருக்கும்.

இப்போது கசப்பான பகுதி. உலக சுகாதார நிறுவனம் இந்த முறையை ஐந்து ஊர்களில் சோதித்தது: ஆக்லாந்து, பெங்களூரு, டப்ளின், மணிலா, எல் சால்வடாரில் சான் மிகுவேல். 1981-இல் முடிவு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உட்பட நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று பெண்களால் முதல் மாதத்திலேயே தங்கள் உடலின் குறியைப் படிக்க முடிந்தது. விதிப்படி நடந்தும் முறையே கைவிட்ட கர்ப்பம், நூறு பெண்களுக்கு வருடத்துக்கு மூன்றுக்கும் குறைவு. ஆனால் விதி தெரிந்தே மீறியதால் வந்தவை பதினைந்துக்கு மேல். மற்ற காரணங்களால் வந்தவையும் சேர்த்தால் இருபது தாண்டும். காப்பர்-டியில் அது ஒன்றுக்கும் கீழே. உன் மருத்துவர் "கண்டிப்பாக" என்றது எவ்வளவு கண்டிப்பு என்று அவரிடமே நேராகக் கேள். தையல் பிரியும் ஆபத்து என்றால் ஒரு பதில், பொதுவான அறிவுரை என்றால் வேறு பதில்.

யாழ்_மெல்பேர்ன் | திங்கள், மாலை 5.50

பில்லிங்ஸ் என்றதும் எழுதத் தோன்றியது. நான் இருக்கும் ஊரில்தான் அது பிறந்தது. ஜான் பில்லிங்ஸ் நரம்பியல் மருத்துவர். 1953-இல் மணமக்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு குருவானவர், நாள் கணக்கு பொய்த்துப்போய் நிற்கும் தம்பதிகளுக்கு உதவ முடியுமா என்று கேட்கப் போய், சில மாதங்கள் பார்க்கிறேன் என்று இவர் ஒப்புக்கொண்டார். அந்தச் சில மாதம் வாழ்நாள் முழுவதும் நீண்டது. மனைவி ஈவ்லின் குழந்தை மருத்துவர். அவர் சேர்ந்த பிறகுதான் பெண்கள் பெண்ணிடம் பேச ஆரம்பித்தார்கள், முறையும் முறையாயிற்று. இதை எங்களுக்குக் கற்பித்த அம்மா அடிக்கடி சொல்லுவார். தங்கச்சி, நல்ல ஆசிரியை ஒருவரைப் பிடியுங்கள். இணையத்தில் படித்து மட்டும் செய்யாதீர்கள்.

ஐயப்படும்_தோமா | திங்கள், மாலை 6.22

அந்தத் தம்பதியருக்கு ஒன்பது பிள்ளைகள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் அக்கா.

யாழ்_மெல்பேர்ன் | திங்கள், மாலை 6.40

ஒன்பதுதான். அதில் ஒன்று தத்துப்பிள்ளை. பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கும் அதே அட்டைதான் தம்பி, வெள்ளை நாளைப் பார்த்துச் சேர வேண்டியதுதான். எனக்கு மகள் கிடைத்தது அப்படித்தான், ஆறு வருடம் கழித்து.

ஐயப்படும்_தோமா | திங்கள், மாலை 6.44

மன்னிக்கவும் அக்கா. கேலி செய்திருக்கக் கூடாது.

பழைய_ஏடு | திங்கள், இரவு 8.30

இந்த இழையில் எல்லோரும் இயற்கை முறையைக் கத்தோலிக்கரின் சொத்து போலப் பேசுகிறீர்கள். இந்திய அரசே ஒரு காலத்தில் இதைத்தான் தூக்கிப் பிடித்தது என்பது தெரியுமா? 1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கர் வார்தாவுக்குப் போய்க் காந்தியிடம் வாதாடினார். காந்தி கருத்தடைக் கருவி எதற்கும் இசையவில்லை. பாதுகாப்பான நாட்கள் என்ற யோசனைக்கு மட்டும் கொஞ்சம் இளகினார். சுதந்திரத்துக்குப் பின் சுகாதார அமைச்சரானவர் அவருடைய சிஷ்யை ராஜ்குமாரி அம்ரித் கவுர். அவர் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க மருத்துவர், தில்லியின் லோதி காலனியிலும் மைசூர் ராஜ்யத்தின் ராமநகரத்திலும் நாள் கணக்கைச் சோதிக்க ஏற்பாடு செய்தார். பெங்களூருக்குப் பக்கத்து ராமநகரம்தான், பட்டுக்கூடு சந்தை நடக்கும் ஊர்.

பெண்களுக்கு மணிமாலை கொடுத்தார்கள். பச்சை மணி என்றால் சேரலாம், சிவப்பு என்றால் கூடாது. தினம் ஒரு மணி நகர்த்த வேண்டும். இருட்டில் நிறம் தெரியவில்லை என்று வந்தார்கள், மணியின் வடிவத்தை மாற்றினார்கள். மாட்டுக்குத்தான் மணி கட்டுவார்கள், எங்களுக்கு ஏன் என்று சிலருக்குக் கோபம். மாலையைப் போட்டாலே போதும், அது காக்கும் என்று சிலர் நம்பினார்களாம், தாயத்து மாதிரி. திட்டம் படுத்துவிட்டது.

கால் நூற்றாண்டுக்குள் ஊசல் மறு கோடிக்குப் போயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள். அதில் பெரும்பகுதி ஆண்களுக்கு, அதிலும் எத்தனையோ பேருக்குக் கட்டாயத்தின் பேரில். அரசு கையிலெடுத்தால் எவர் மீதும் திணிக்கும் என்று 1968 மடலின் பதினேழாம் எண் எச்சரித்திருந்தது. அந்த ஒரு விஷயத்தில் ஆறாம் பவுலுக்கு நான் மதிப்பெண் போடுவேன், நான் கோவிலுக்குப் போகாதவன் என்றாலும். அந்த அடிக்குப் பிறகு ஆண்களை யாரும் தொடவில்லை. தமிழ்நாட்டில் இன்று குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்கு ஆபரேஷன்தான். ஆண்கள் செய்துகொள்வது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

பெயர்_வேண்டாம் | செவ்வாய், அதிகாலை 1.17

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு நான்கு பிள்ளைகள். முதல் ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் அட்டையில் வெள்ளை ஒட்டிய நாளில் வந்தவை. எனக்கு முறை நன்றாகத் தெரியும், ஒரு நாள்கூடத் தப்பாக எழுதியதில்லை. குடித்துவிட்டு வருகிறவருக்கு அட்டையைக் காட்டவா முடியும்? காட்டினேன் ஒரு முறை. கிழித்துப் போட்டார்.

ஆலோசனை சொல்பவரிடம் போனேன். "கணவருக்காக ஜெபியுங்கள், பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்" என்றார். மூன்றாவது பேறுகாலத்தில் இரத்தம் போய் இரண்டு நாள் நினைவில்லை. நான்காவது பிறந்த அன்றே மேசையில் படுத்தபடி கட்டிவிடச் சொன்னேன். ஒன்பது வருடம் நற்கருணைக்குப் போகவில்லை. பிள்ளைகளை வரிசையில் அனுப்பிவிட்டு நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.

செவிலி அம்மா எழுதிய அந்தப் பதினைந்து, விதி தெரிந்தே மீறியவர்கள். மீறியது யார் என்று அந்த ஆய்வில் கேட்டார்களா?

பணி_ஓய்வு_செவிலி | செவ்வாய், காலை 5.40

கேட்டதாக நான் படிக்கவில்லை மகளே. நானும் பத்து வருடம் பெண்களுக்கு மட்டும்தான் வகுப்பு எடுத்தேன்.

ஆலயமணி | செவ்வாய், காலை 9.10

இரவு எழுதிய சகோதரிக்கு.

ஹுமானே வித்தே மடலில் பதின்மூன்றாம் எண் என்று ஒரு பத்தி இருக்கிறது. துணையின் நிலையையோ நியாயமான விருப்பத்தையோ பார்க்காமல் ஒருவர் மீது திணிக்கப்படும் உறவு, அன்பின் செயலே அல்ல, ஒழுக்கத்துக்கே மாறானது என்று அதில் இருக்கிறது. கருத்தடையைக் கண்டிக்கும் பதினான்காம் எண்ணுக்கு முந்திய பத்தி அது. நான் இருபது வருடமாகப் பதினான்கையும் பதினாறையும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். பதின்மூன்றை ஒரு தடவைகூட வாசித்ததில்லை. முதலில் மீறப்பட்ட போதனை எது என்று பார்த்தால், அது உங்கள் கணவரிடம்தான் தொடங்குகிறது. இதை அன்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்பது வருடம் பெஞ்சில் உட்கார்ந்தது போதும். நீங்கள் நம்பும் ஒரு குருவானவரிடம், உங்கள் பங்கில் இல்லாவிட்டால் வேறு பங்கில், இப்போது எழுதியதை அப்படியே சொல்லுங்கள்.

தோமா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நோக்கம் ஒன்றே என்கிறீர்கள். அது சரிதான், மடலே அதை ஒப்புக்கொள்கிறது. வேறுபாடு வழியில். ஒன்றில் இருவரும் சேர்ந்து சில நாள் விட்டுக்கொடுக்கிறார்கள், மற்றதில் யாரும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் இருவரும் என்ற சொல் பொய்யாகும் வீட்டில் என் வாதம் நிற்காது என்பதை இந்த இழையில்தான் பார்த்தேன்.

ஐயப்படும்_தோமா | செவ்வாய், காலை 9.45

இதற்கு மேல் உங்களோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை ஐயா. ஒன்று மட்டும். 1968-இல் ஜெர்மானிய ஆயர்களும் கனடா ஆயர்களும், இந்தப் போதனையை ஏற்கத் தீவிரமாக முயன்றும் மனச்சான்றில் முடியாமல் போன தம்பதிகளைத் தள்ளிவைக்காதீர்கள் என்ற பொருளில் அறிக்கை விட்டார்கள். ரோமாபுரி அதை ரசிக்கவில்லை, தெரியும். மேரி கேட்ட நற்கருணைக் கேள்விக்குப் பதில் எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள். காப்பர்-டி என்றதும் கதவைச் சாத்தாதீர்கள்.

ஆலயமணி | செவ்வாய், காலை 10.02

கதவைச் சாத்தும் சாவி என்னிடம் இல்லை. போதனைப்படி அது தவறு என்பதை மறைக்க மாட்டேன். தவறின் கனத்தை நிறுப்பவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருக்கும் குருவானவர்தான், நீங்களும் நானும் அல்ல.

முத்துநகர்_மேரி | வியாழன், இரவு 11.30

எல்லோருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் அக்கா, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன்.

மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். தையலில் கோளாறு எதுவும் இல்லை, பதினெட்டு மாதமாவது கட்டாயம், இரண்டு வருடம் நல்லது என்றார். "நீங்கள் கோவில்காரர்களா?" என்று சிரித்துவிட்டு, முறையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள், சரிப்படவில்லை என்றால் மறுபடி பேசுவோம் என்றார். காப்பர்-டி வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிடவில்லை. வேண்டும் என்றும் முடிவு செய்யவில்லை.

நேற்று கப்பலில் சிக்னல் கிடைத்தபோது அவரிடம் எல்லாம் சொன்னேன். இந்த இழையின் சுட்டியையும் அனுப்பினேன். முதலில் ஒரு நாள் பதிலே இல்லை. பிறகு குரல் பதிவு வந்தது. என்ஜின் அறை வெப்பத்தை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுதுகிறவன் நான், இந்த அட்டையை நான் எழுதுகிறேன், நீ தினம் இரவு ஒரு சொல் மட்டும் அனுப்பு என்கிறார். திங்கள் முதல் நான் குறித்துவைத்த நான்கு நாளையும் அனுப்பிவிட்டேன். நான்கும் "வறட்சி".

செவிலி அம்மா, அவர் இறங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை இருவரும் வரலாமா? மாப்பிள்ளைகளையும் உட்கார வைத்து வகுப்பு எடுப்பீர்களா?

பணி_ஓய்வு_செவிலி | வெள்ளி, காலை 5.35

வா. அவரை முன் வரிசையில் உட்காரச் சொல்.